பூஞ்சாணம் மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சாணம் இல்லை! அயர்லாந்தைப் பட்டினி போட்டதன் பங்காளி ஆட்டையாம்பட்டிக் காட்டிலும் இருப்பது தெரியுமா?

ஆட்டையாம்பட்டி என்றால் கைமுறுக்கு. அது எல்லாருக்கும் தெரியும். ஊரைத் தாண்டித் திருச்செங்கோடு பக்கமோ ராசிபுரம் பக்கமோ போனால் காட்டில் என்ன நிற்கிறது? குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மஞ்சள், ஆமணக்கு, கம்பு, சோளம், நடுநடுவே தென்னை. உருளைக்கிழங்கைத் தேடினால் கிடைக்காது. ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் உருளை நன்றாகக் கிழங்கு கட்டும். சேலத்துச் சமவெளிக்கும் அதற்கும் ஒத்துவராது.

அப்புறம் எதற்கு இங்கே உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேச்சு என்கிறீர்களா? உருளையைத் தாக்கும் ‘பின்பருவ இலைக்கருகல்’ நோய்க்குக் காரணமான உயிரிக்குப் பங்காளிகள் ஏராளம். குச்சிக்கிழங்கை அழுகவைப்பது ஒன்று, மஞ்சளை அழுகவைப்பது ஒன்று, கொடிக்கால் வெற்றிலையை வாடவைப்பது ஒன்று, கீரை இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம் போடுவது ஒன்று! மொத்தக் குடும்பத்தின் கதையையும் கேளுங்கள். ஒவ்வொன்றும் அடேயப்பா ரகம்!

1. இது பூஞ்சாணமே இல்லை, தெரியுமா?

நோய் கண்ட உருளை இலையைத் திருப்பிப் பாருங்கள். கருகிய புள்ளியின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று மெல்லிய பஞ்சு படர்ந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் யாரும் பூஞ்சாணம் என்றுதான் சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்களும் நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் சொன்னார்கள். பாடப் புத்தகத்தில் இன்றைக்கும் பூஞ்சாண நோய்கள் பகுதியில்தான் இது இருக்கும்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கதையே வேறு! பூஞ்சாணத்தின் செல்சுவர் பெரும்பாலும் கைட்டினால் ஆனது. இதன் செல்சுவரிலோ செல்லுலோஸ். மரபணுவைப் படித்துப் பார்த்தபோது இன்னொரு ஆச்சரியம்: இதற்கு நெருங்கிய சொந்தம் காளானோ ரொட்டிப் பூசணமோ கிடையாது. கடலில் நூறடி நீளம் வளரும் பழுப்புப் பாசியும், தண்ணீரில் மிதக்கும் டயட்டம் என்னும் நுண்பாசியும்தான் சொந்தம்! இந்தக் குடும்பத்துக்கு ‘ஊமைசீட்’ என்று பெயர். பைட்டோப்தோரா, பித்தியம், அடிச்சாம்பல் நோய்க்கிருமிகள் எல்லாம் இதில் அடக்கம்.

இந்த ஒரு விஷயத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் நீங்கள் கொடுக்கும் பணம் வீணாகுமா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது.

2. செடியைத் தாக்கும் இந்த உயிரி நீந்தும், தெரியுமா?

பாசிக்குச் சொந்தம் என்றால் தண்ணீர் பழக்கம் போகுமா? பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ், அதாவது உருளைக்கிழங்கு கருகல் நோய்க்கிருமி, இலைக்கு அடியில் எலுமிச்சம்பழ வடிவத்தில் குட்டிக் குட்டி வித்துப்பைகளை உண்டாக்கும். ஒரே ஒரு கருகல் புள்ளியிலிருந்து ஒரு நாளைக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் வித்துப்பைகள் வரை கிளம்பும்! காற்று அவற்றைப் பல கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகும்.

ஈரமான இலையில் விழுந்தால் வேடிக்கை ஆரம்பம். 10 முதல் 15 டிகிரி வரை குளிர் இருந்தால் வித்துப்பை திறந்து, உள்ளேயிருந்து ஆளுக்கு இரண்டு வாலோடு நீந்தும் வித்துகள் வெளியே வரும். இலைமேல் இருக்கும் பனித்துளியில் நீந்திப் போய், ஓர் இடத்தில் வாலை உதறிவிட்டு ஒட்டிக்கொண்டு, இலைக்குள் முளைவிடும். கொஞ்சம் வெதுவெதுப்பாக, 20 டிகிரிக்கு மேல் இருந்தாலும் அது சும்மா இருக்காது. நீச்சலைத் தவிர்த்துவிட்டு வித்துப்பையே நேராக முளைத்து உள்ளே நுழையும்! குளிர்ந்தாலும் வழி, வெதுவெதுப்பானாலும் வழி. ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறைக் கருகல் தயார். தாங்காதது ஒன்றுதான்: நல்ல வெயிலும் காய்ந்த இலையும்.

3. வேரின் மின்சாரத்தைக் கண்டுபிடித்து வரும், தெரியுமா?

கண் இல்லாத, மூக்கு இல்லாத இந்த வித்து இருட்டு மண்ணுக்குள் வேர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? வேரிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒரு தடயம். இன்னொரு தடயம் மின்சாரம்! வேர் உப்புகளை உறிஞ்சும்போது அதைச் சுற்றி மிக மெல்லிய மின்புலம் உண்டாகிறது. நீந்தும் வித்துகள் அந்த மின்புலத்தை உணர்ந்து வருகின்றன என்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் காட்டினார்கள்.

அதிலும் ஒரு விசித்திரம். பைட்டோப்தோரா பால்மிவோரா என்னும் இனம் நேர்மின் பக்கம் நீந்தும். பித்தியம் அஃபனிடெர்மாட்டம் என்னும் இனம் எதிர்மின் பக்கம் நீந்தும். ஒரே வேரில் இரண்டும் வேறு வேறு இடத்தில் போய்க் கூடும்! முதலாவது குச்சிக்கிழங்கை அழுகவைப்பது, இரண்டாவது மஞ்சளை அழுகவைப்பது. இரண்டும் நம் பக்கத்து ஆட்கள்தான்!

4. ஒரு கிழங்கு அழுகியதில் 10 லட்சம் பேர் இறந்தார்கள், தெரியுமா?

1845 கோடையின் கடைசியில் அயர்லாந்தின் உருளை வயல்கள் கறுத்தன. ஏழைகள் அன்றாடம் தின்றது அதிகமும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகம். விதைக்கிழங்கை வெட்டி வெட்டி நட்டதால் நாடு முழுக்க நின்றது அச்சு அசலாக ஒரே செடி. ஒன்றைத் தாக்க முடிந்த கிருமிக்கு எல்லாமே திறந்த வீடு! 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி ஊரைவிட்டே போனார்கள்.

காரணம் என்ன? கடவுளின் கோபம் என்றார்கள் சிலர். புதிதாக வந்த ரயில் வண்டியால் காற்றில் மின்சாரம் கலந்துவிட்டது என்றார்கள் வேறு சிலர்! 1846-ல் மைல்ஸ் பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார்தான், ‘இலையில் தெரியும் அந்த வெள்ளைப் படலமே நோய்க்குக் காரணம்’ என்று துணிந்து சொன்னார். அழுகிய இலையில்தான் பூசணம் வருமே ஒழிய, பூசணத்தால் இலை அழுகாது என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் மறுத்தார்கள். 1861-ல் ஜெர்மனியின் ஆன்டன் டி பாரி சோதனை செய்து நிரூபித்தார். நுண்ணுயிரி நோயை உண்டாக்கும் என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றுவதற்கு முன்பே உருளைக்கிழங்கில் நிரூபணமாகிவிட்டது. 1876-ல் பைட்டோப்தோரா என்ற பெயரை வைத்தவரும் டி பாரிதான்.

5. இந்தியாவில் அது முதலில் இறங்கியது நம்ம நீலகிரியில், தெரியுமா?

ஆமாம்! ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் 1820-களில் அங்கே உருளைக்கிழங்கைப் பயிர் செய்யவைத்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1870-க்கும் 1880-க்கும் நடுவில், கருகல் நோயும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது நீலகிரி மலையில். 1883-ல் டார்ஜிலிங்கில் கண்டார்கள்.

நீலகிரியில் இந்தக் கிருமிக்கு ராஜ வாழ்வு! வடநாட்டுச் சமவெளியில் உருளை குளிர்காலத்துக்கு மட்டும்தான். நீலகிரியிலோ நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று வருஷத்துக்கு மூன்று போகம். ஒரு வயலில் கிழங்கு தோண்டும்போது பக்கத்து வயலில் இலை துளிர்க்கும். மேலே மூடுபனி, கீழே ஈர இலை. கிருமிக்குப் பட்டினி என்பதே கிடையாது!

அதனால்தான் 1957-ல் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1961-ல் இன்னொரு இடி: மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரிந்தது. மேலே கருகல், கீழே புழு! இரண்டையும் தாங்கும் ரகம் வேண்டுமென்று உழைத்து 1985-ல் கொண்டுவந்ததுதான் ‘குஃப்ரி ஸ்வர்ணா’. அதற்கு முன் 1968-ல் வந்த ‘குஃப்ரி ஜோதி’ ஆரம்பத்தில் கருகலைத் தாங்கியது. வருஷம் போகப்போகக் கிருமி அதையும் உடைத்துவிட்டது.

6. டார்வினே கைக்காசு போட்ட ஆராய்ச்சி இது, தெரியுமா?

பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின், 1870-களில் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஜேம்ஸ் டார்பிட் என்ற வியாபாரிக்குத் தன் பையிலிருந்து பணம் கொடுத்தார். எதற்கு? கருகல் தாங்கும் உருளைக்கிழங்கை உருவாக்க! கிழங்கை வெட்டி நடாமல் பூவில் மகரந்தம் சேர்த்து விதையெடுத்து, பிழைக்கும் செடியைத் தேர்ந்தெடுப்பது டார்பிட்டின் வழி. அவர் காலத்தில் அது முழுசாகக் கைகூடவில்லை. ஆனால் ரகம் உருவாக்குகிறவர்கள் இன்றைக்கும் போவது அதே பாதையில்தான்.

7. காய்ந்த இலையிலிருந்து கொலையாளியைப் பிடித்தார்கள், தெரியுமா?

1845-லிருந்து 1896 வரை சேகரித்துத் தாளில் ஒட்டி வைத்த உருளை, தக்காளி இலைகள் லண்டன் கியூ தோட்டத்திலும் மியூனிக் நகரத்திலும் பத்திரமாக இருந்தன. 2013-ல் அந்தச் சருகுகளைக் கொஞ்சம் கிள்ளியெடுத்து உள்ளேயிருந்த டிஎன்ஏ-வைப் படித்தார்கள். பஞ்சத்தை உண்டாக்கிய வம்சம் எது என்று தெரிந்தது. பல வருஷம் சந்தேகிக்கப்பட்ட வேறொரு வம்சத்தின்மேல் இருந்த பழி நீங்கியது! நூற்றைம்பது வருஷம் பழைய இலை கோர்ட்டில் சாட்சி சொன்ன கதை இது.

8. அதன் மரபணுத் தொகுதி பங்காளிகளைவிட இரண்டரை மடங்குக்கும் மேல், தெரியுமா?

2009-ல் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தபோது ஆராய்ச்சியாளர்கள் வாயடைத்துப் போனார்கள். மொத்தம் 24 கோடி எழுத்துகள்! சோயாமொச்சையைத் தாக்கும் பங்காளிக்கு 9.5 கோடி. கலிஃபோர்னியாவின் ஓக் மரங்களைச் சாய்த்த பங்காளிக்கு 6.5 கோடி. கருகல் கிருமியின் தொகுதியில் முக்கால்வாசி, அதாவது 74 சதவீதம், திரும்பத் திரும்ப வரும் வரிகள்.

வெறும் குப்பை என்று நினைத்தால் ஏமாந்தோம். செடியின் தற்காப்பை ஏமாற்றும் புரதங்களுக்கான மரபணுக்கள் 500-க்கும் மேல் அந்தக் ‘குப்பை’ நடுவில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதி மட்டும் படுவேகமாக மாறும். நாம் பத்துப் பதினைந்து வருஷம் பாடுபட்டு ஒரு ரகம் கொண்டுவந்தால், சில வருஷத்தில் அதைத் திறக்க ஒரு சாவி அங்கே தயாராகிவிடும்!

9. தக்காளியையும் விடாது, தெரியுமா?

உருளையும் தக்காளியும் ஒரே குடும்பச் செடிகள். அதனால் கருகல் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். 2009, 2010 பருவத்தில் தென்னிந்தியத் தக்காளித் தோட்டங்களில் கருகல் தாண்டவமாடியது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. சௌடப்பாவும் கூட்டாளிகளும் மாதிரி எடுத்து டிஎன்ஏ-வைப் பார்த்தார்கள். என்ன கிடைத்தது? ஐரோப்பாவில் 2004-ல் தலைகாட்டி, ‘நீலம் 13’ என்று பட்டப்பெயர் வாங்கிய அதே முரட்டு வம்சம்! மெட்டலாக்சில் என்ற மருந்துக்கு மசியாத வம்சம் அது. விதைக்கிழங்கோடு கடல் தாண்டி வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு.

10. குச்சிக்கிழங்கைக் கெடுப்பதற்குப் பெயர் வைத்தவர் அயர்லாந்துக்காரர், தெரியுமா?

பஞ்சம் வாட்டிய அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் 1874-ல் பிறந்தவர் எட்வின் ஜான் பட்லர். 1901-ல் இந்தியாவுக்கு வந்து பயிர்நோய் ஆராய்ச்சிக்கு இங்கே அடித்தளம் போட்டவர் அவர்தான். அன்றைய சென்னை ராஜதானியில் இருந்த கோதாவரிப் பகுதியில் பனை மரங்களும் தென்னை மரங்களும் குருத்து அழுகிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பட்லர் போய்ப் பார்த்து, 1907-ல் காரணமான உயிரிக்குப் பெயர் வைத்தார். அதுதான் இன்று பைட்டோப்தோரா பால்மிவோரா. நோய் கண்ட மரங்களின் கொண்டையை வெட்டி எரிக்க அரசாங்கமே ஆள் வைத்தது.

பனையில் கண்டுபிடித்ததுதான், ஆனால் அது பனையோடு நிற்கவில்லை. தென்னையில் குருத்தழுகல், கோகோவில் காய் அழுகல், பப்பாளியில் பழ அழுகல் என்று கை நீட்டிக்கொண்டே போகிறது. குச்சிக்கிழங்கையும் விட்டுவைக்கவில்லை!

11. மேலே பச்சைப் பசேல், கீழே நாற்றம்! தெரியுமா?

குச்சிக்கிழங்கு நம் பக்கத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சேகோ ஆலை இல்லாத பக்கமே இல்லை. 1981-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பயிரில் பைட்டோப்தோரா செய்யும் வேலை நயவஞ்சகம்! செடி உயரமாக, இலை பச்சையாக நிற்கும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. குச்சியைப் பிடித்துக் கிழங்கைப் பிடுங்கினால்தான் தெரியும். தோலில் தண்ணீர் கோத்த மாதிரி பழுப்புத் திட்டு. ஈர மண்ணில் கிடந்தால் திட்டின்மேல் வெள்ளைப் படலம். கத்தியால் குறுக்கே வெட்டினால் வெள்ளைச் சதையில் பழுப்பு ஓடியிருக்கும். முற்றினால் நீர் வடிந்து நாறும். மாவு எடுக்க லாயக்கில்லை.

திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த அழுகலை ஆராய்ந்து சொன்ன மருந்தில் முதலிடம் எதற்குத் தெரியுமா? வடிகாலுக்கு! தண்ணீர் தேங்காத காட்டில், உயர்த்திப் பிடித்த பாரில், நீந்திப் போக வித்துக்கு வழியே இல்லை. அடுத்தது டிரைக்கோடெர்மா. அதன் கதை பின்னால் வருகிறது.

12. ஆமணக்குச் செடியில் சரித்திரம் படைத்தார் ஓர் இந்தியர், தெரியுமா?

ஜஹாங்கீர் ஃபர்துன்ஜி தஸ்தூர், 1886-ல் பிறந்தவர். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பட்லருக்கு உதவியாளராக இருந்தார். 1913-ல் ஆமணக்கு நாற்றைக் கருகவைக்கும் கிருமியைப் பிரித்தெடுத்து, அது புது இனம் என்று காட்டி, பைட்டோப்தோரா பாரசிட்டிகா என்று பெயரிட்டார். பயிர்நோயை ஆழமாக ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். புகையிலைத் தண்டைக் கறுக்கவைக்கும் கிருமியும் அதுவும் ஒன்றே என்று பிற்பாடு முடிவு செய்தார்கள்.

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் முழுப்பெயரே ‘மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்’. பைட்டோப்தோரா கை வைக்கும் இரண்டு பயிரும் ஒரே பெயர்ப்பலகையில்!

13. வெற்றிலை, பாக்கு இரண்டுக்கும் ஒரே குடும்பத்து எதிரி, தெரியுமா?

பரமத்திவேலூர் கொடிக்காலில் வெற்றிலைக் கொடி திடீரென்று வாடிச் சாய்ந்தால் அது பைட்டோப்தோராவின் வேலை. கொடியின் தூர் கறுத்து, தோல் நார் நாராக உரியும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வளரும் மிளகுக்கொடிக்கும் இதே குடும்பத்தால்தான் துரித வாடல்!

பாக்குக்கு வருவது மகாளி நோய். மழைக்காலத்தில் பிஞ்சுக்காய்கள் அழுகிக் கொத்துக் கொத்தாக உதிரும். 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்த லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரர் இதை ஆராய்ந்து 1910-ல் காரணத்தைச் சொன்னார். மலைநாட்டு விவசாயிகள் அதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: மழைக்கு முன் பாக்குக் குலைக்குப் பாளையால் குல்லா கட்டிவிடுவது! காயில் தண்ணீர் படாவிட்டால் நோய் வராது என்று நுண்ணோக்கி இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

14. உங்கள் வீட்டுக் கீரைக்கட்டிலேயே இது இருக்கலாம், தெரியுமா?

நாளைக் காலையில் தண்டங்கீரையோ முளைக்கீரையோ வாங்கினால் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் புள்ளி, அதே இடத்தில் அடிப்பக்கம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைக் கொப்புளம். அதுதான் வெண்துரு. அதுவும் ஊமைசீட் குடும்பம்தான்! மனிதனை அது ஒன்றும் செய்யாது, அந்த இலையை மட்டும் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

மஞ்சளைக் கெடுப்பது பித்தியம். இலை ஓரம் மஞ்சளித்துக் காயும். அடித்தண்டு தண்ணீர் கோத்து மெத்தென்றாகும். லேசாக இழுத்தால் செடி கையோடு வரும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கிழங்கு பழுப்பாகிக் குழையும். தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் நாற்று அடி அழுகி வரிசையாகப் படுப்பதும் பித்தியம் வேலைதான்.

கம்பில் இன்னும் விசித்திரம். அடிச்சாம்பல் நோய் வந்தால் கதிரில் மணிக்குப் பதில் இலை முளைக்கும்! பச்சைக்கதிர் நோய் என்பது இதைத்தான். 1965-ல் வந்து விளைச்சலை அள்ளிக் கொடுத்த ஹெச்.பி.-1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு, 1970-71 வாக்கில் இந்த நோயில் படுத்தே போனது. லம்பர் உருளைக்கு நடந்த அதே கதை: எங்கும் ஒரே ரகம்!

15. கண்ணையும் மீனையும்கூடத் தாக்கும், தெரியுமா?

பித்தியம் இன்சிடியோசம் என்ற இனம் மனிதக் கண்ணின் கருவிழியைத் தாக்கும்! தமிழ்நாட்டிலும் ஆந்திரா, தெலங்கானாவிலும் கண் மருத்துவமனைகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. பார்க்கப் பூஞ்சாணப் புண் மாதிரியே இருக்கும். பூஞ்சாண மருந்து போட்டால் கேட்காது. லைனசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகள்தான் கைகொடுக்கின்றன. வயல் தண்ணீரோ சேறோ கண்ணில் பட்டு உறுத்தல் நிற்காவிட்டால் நீங்களாகச் சொட்டுமருந்து வாங்கிப் போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

1988-ல் இந்தியாவுக்குள் வந்து விரால் மீன் உடம்பெல்லாம் குழிப்புண் போட்ட நோய்க்குக் காரணமும் இந்தக் குடும்பத்து உயிரிதான்.

16. திராட்சைத் திருடனால் வந்தது போர்டோ கலவை, தெரியுமா?

பிரான்சின் போர்டோ பகுதியில் ரோட்டோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றார்கள். பார்த்தால் அருவருக்கட்டும் என்று தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடியில் அடித்து வைத்தார்கள். 1882-ல் அந்தப் பக்கம் வந்த பேராசிரியர் மில்லார்டே ஒன்றைக் கவனித்தார்: மற்ற கொடியெல்லாம் அடிச்சாம்பலில் உதிர்ந்து நிற்க, நீலம் பூசிய கொடிகள் மட்டும் இலையோடு இருந்தன! 1885-ல் கலவையை உலகத்துக்கு அறிவித்தார்.

முதல் உலகப்போரில் ஜெர்மனி செம்பையெல்லாம் ஆயுதத்துக்கு எடுத்துக்கொண்டது. வயலுக்குத் துத்தம் இல்லை. 1916-ல் உருளையைக் கருகல் வாரியது. அந்தக் குளிர்காலத்தை டர்னிப் கிழங்கைத் தின்று கழித்தார்கள். சரித்திரத்தில் அதற்கு ‘டர்னிப் குளிர்காலம்’ என்றே பெயர்!

ஒரு சதவீதக் கலவை செய்முறை இதோ: 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறொரு 50 லிட்டரில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு வேண்டாம். பிறகு பளபளப்பான கத்தி ஒன்றைக் கலவையில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். படியாவிட்டால் தயார். அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

17. நீங்கள் அடிக்கும் மருந்து அதற்கு உறைக்காமலே போகலாம், தெரியுமா?

பூஞ்சாணம் இல்லை என்று முதலிலேயே சொன்னோம் அல்லவா? அது இப்போது உதவும். கார்பன்டசிம் பல பூஞ்சாணங்களை அடக்கும், ஊமைசீட்டை ஒன்றும் செய்யாது. பெயர் ‘கோனசோல்’ என்று முடியும் மருந்துகள் எர்கோஸ்டிரால் என்ற பொருளின் உற்பத்தியைக் கெடுப்பவை. ஊமைசீட் அதை உற்பத்தி செய்வதே இல்லை! அழுகலைக் கண்டதும் கையில் கிடைத்த பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினால் தண்ணீரில் போட்ட காசுதான்.

இதற்கென்றே உள்ள மெட்டலாக்சில் 1977-ல் வந்தது. 1980-லேயே அயர்லாந்திலும் ஹாலந்திலும் அதற்கு மசியாத கிருமி வந்துவிட்டது! அதனால்தான் இன்று அதைத் தனியாக விடாமல் பெரும்பாலும் மேங்கோசெப்போடு சேர்த்து விற்கிறார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான்.

18. பூஞ்சாணத்தையே காவலுக்கு வைக்கலாம், தெரியுமா?

டிரைக்கோடெர்மா விரிடி என்பது அசல் பூஞ்சாணம், ஆனால் நல்ல பூஞ்சாணம். பித்தியம், பைட்டோப்தோரா இழைகளைச் சுற்றி வளைத்துச் சுவரைக் கரைத்துத் தின்னும்! ஹெக்டேருக்கு 2.5 கிலோவை நன்றாக மக்கிய தொழுவுரம் 50 கிலோவோடு கலந்து மண்ணில் போடுவது வழக்கமான பரிந்துரை. துத்தமோ வேறு பூஞ்சாணக்கொல்லியோ ஊற்றிய கையோடு இதைப் போட்டால் காவலாளியே செத்துவிடுவான். இடைவெளி விடுங்கள்.

19. நோய் வருமுன்னே சொல்லிவிடலாம், தெரியுமா?

குளிர், ஈரம் இரண்டும் எத்தனை நாள் சேர்ந்து நிற்கின்றன என்று பார்த்தாலே கருகல் வரும் நாளைக் கணித்துவிடலாம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ‘இண்டோ பிளைட்காஸ்ட்’ என்ற முன்னறிவிப்பு முறையை இதற்காகவே உருவாக்கியது. நோய் வந்தபின் அடிக்கும் மூன்று மருந்தைவிட வருமுன் அடிக்கும் ஒன்று பலன் தரும்.

ஆக, உருளை, குச்சிக்கிழங்கு, மஞ்சள், வெற்றிலை, பாக்கு, கம்பு எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்தக் குடும்பத்தின் பலம் தேங்கும் தண்ணீர். வடிகாலை மழைக்கு முன்னேயே வெட்டுங்கள். அழுகிய காட்டிலிருந்து விதைக்கிழங்கோ விதைக்குச்சியோ எடுக்காதீர்கள். அழுகிய கிழங்கை வரப்பில் வீசாமல் அப்புறப்படுத்துங்கள். கடைக்குப் போவதற்கு முன் நோய் பூஞ்சாணமா ஊமைசீட்டா என்று வேளாண்மை அலுவலரிடம் செடியைக் காட்டிக் கேளுங்கள். விவசாயிகளுக்கான கிசான் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். ஒரு போன் செலவில்லை, தப்பு மருந்துக்குத்தான் செலவு!